வீட்டுச் சாமான் லாரி ஏன் மறுநாள் வருகிறது?
சராசரி வேகம் கற்பிக்க ஒரு கணக்கு

ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ பாடம் நடத்தும்போது, வேகம் என்பது தொலைவைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது என்பதை மாணவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 150 கி.மீ. தொலைவை 3 மணி நேரத்தில் கடக்கும் பேருந்தின் வேகம் என்ன என்று கேட்டால் வகுப்பே கை உயர்த்தும். சராசரி வேகம் என்று வரும்போதுதான் சிக்கல். இரண்டு வேகங்களைக் கொடுத்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். பயணத்தில் நிற்கும் நேரமும் பயண நேரமே என்பது அவர்கள் மனத்தில் பதிவதில்லை.

இந்தப் பாடத்துக்கு நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு குடும்பம் ஊர் மாறுகிறது. குடும்பம் காரில் போகிறது. வீட்டுச் சாமான்கள் லாரியில் போகின்றன. ஒரே சாலை, ஒரே ஊர். கார் அன்று மதியமே போய்ச் சேர்ந்துவிடுகிறது. லாரி மறுநாள் வருகிறது. ஏன்?

மாறுதல் கலந்தாய்வு முடிந்து வீடு மாற்றும் ஆசிரியர்களுக்கு இது நன்கு தெரிந்த நிலைமை. என் பள்ளி தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. எனவே லாரி என்பது எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கும் பொருள். சிலருக்கு அது வீட்டுச் சோறு.

மூன்று பதில்கள்

வகுப்பில் முதலில் வந்த பதில்கள் மூன்று. “லாரி மெதுவாத்தான் போகும்.” “டிரைவர் வழியில தூங்கிடுவாரு.” “அங்கங்க நிறுத்தி டீ குடிச்சிக்கிட்டே வருவாங்க.” மூன்றாவது பதிலுக்கு வகுப்பு சிரித்தது. அந்த வகுப்பில் லாரி ஓட்டுநர்களின் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

நான் எதையும் சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. மூன்றையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, “இவற்றை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றேன். அந்தப் பாடம் நான்கு பாடவேளைகளுக்கு நீண்டது. அதன் சுருக்கம் இது.

எடுத்துக்கொண்ட வழித்தடம் தருமபுரியிலிருந்து திருநெல்வேலி. கணக்குக்காக 450 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். கார் குடும்பத்தோடு சேர்த்து 1,200 கிலோ. அதன் எஞ்சின் திறன் 60 கிலோவாட். லாரி, சாமானோடு சேர்த்து 8,000 கிலோ; எஞ்சின் திறன் 75 கிலோவாட். நடுத்தர அளவுள்ள லாரிக்கும் சாதாரணக் காருக்கும் இவை பொருந்தக்கூடிய எண்கள். துல்லியமான எண்களைவிட ஒப்பீடுதான் நமக்கு முக்கியம்.

வேக வரம்பு எவ்வளவு நேரத்தை எடுக்கிறது?

“லாரி மெதுவாகப் போகும்” என்ற முதல் பதிலில் தொடங்கினோம். நான்குவழிச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கி.மீ. வரையும், சரக்கு வாகனத்துக்கு 80 கி.மீ. வரையும் வேக வரம்பு உண்டு. அதற்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சரக்கு வாகனங்களில் பொருத்தப்படுகிறது. ஊர்ப்புறங்களில், வளைவுகளில், பாலங்களில் வரம்பு இன்னும் குறையும்.

இரண்டு வண்டிகளும் நிற்காமல் வரம்பு வேகத்திலேயே ஓடினால் என்ன ஆகும்? கார் 450 ஐ 100 ஆல் வகுக்க, நாலரை மணி நேரம். லாரி 450 ஐ 80 ஆல் வகுக்க, 5 மணி 37 நிமிடம். வேறுபாடு 1 மணி 7 நிமிடம். மதியத்துக்கும் மறுநாள் காலைக்கும் உள்ள இடைவெளியை இந்த ஒரு மணி நேரம் விளக்கவில்லை என்பது பிள்ளைகளுக்கே தெரிந்தது. அப்படியானால் மீதி நேரம் எங்கே போனது என்று தேடத் தொடங்கினார்கள். பாடத்தின் உயிர் இந்தத் தேடலில்தான் இருக்கிறது.

ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்?

லாரியின் எஞ்சின் காரின் எஞ்சினைவிடப் பெரியதுதானே, பிறகு ஏன் திணறுகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. எஞ்சினின் திறனை மட்டும் பார்த்தால் போதாது. அது இழுக்க வேண்டிய நிறையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

கார்: 60,000 வாட்டை 1,200 கிலோவால் வகுத்தால், கிலோவுக்கு 50 வாட்.
லாரி: 75,000 வாட்டை 8,000 கிலோவால் வகுத்தால், கிலோவுக்கு 9 வாட்டுக்குச் சற்று அதிகம்.

லாரியின் ஒவ்வொரு கிலோவுக்கும் காரில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குத் திறன்கூட இல்லை. இதன் விளைவை நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எட்ட, எஞ்சினின் முழுத் திறனும் வீணாகாமல் சக்கரத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டாலும், காருக்கு ஏறக்குறைய 3 நொடியும் லாரிக்கு 15 நொடியும் தேவை. உண்மையில் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, கியர் மாற்றும் இடைவெளி எல்லாம் சேர்ந்து இரண்டுமே இதைவிட அதிக நேரம் எடுக்கும். ஆனால் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும், வேகத்தடைக்கும், சிக்னலுக்கும் பிறகு லாரி இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இயக்க ஆற்றல் வாய்பாட்டைக் கொண்டு இந்த எண்களை மாணவர்களையே வரவழைக்கச் சொல்லலாம். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். அதை எஞ்சின் திறனால் வகுத்தால் நேரம்.

மலையேற்றத்தில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால், காருக்குத் தேவையான ஆற்றல் 1 கோடியே 20 லட்சம் ஜூல். லாரிக்கு 8 கோடி ஜூல். எஞ்சின் முழுத் திறனில் இயங்கினால் காருக்கு 3 நிமிடம் 20 நொடி. லாரிக்கு ஏறத்தாழ 18 நிமிடம். எந்தக் காரும் மலைப்பாதையில் 3 நிமிடத்தில் 1,000 மீட்டர் ஏறுவதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் அதை விடாது. இங்கே பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இதுதான்: மலையில் காரின் வேகத்தை முடிவு செய்வது சாலை, லாரியின் வேகத்தை முடிவு செய்வது எஞ்சின்.

இறக்கத்திலும் ஏன் ஊர்ந்து போகிறது?

“ஏறும்போது சரி டீச்சர். இறங்கும்போது தானா உருளுமே, அப்பவாவது வேகமாப் போகலாமில்ல?”

இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் என்பதால் பிள்ளைகளுக்கு அறிமுகமானது. அங்கே லாரிகள் தாழ்ந்த கியரில், வரிசையாக, ஊர்ந்து இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

8,000 கிலோ லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அதன் நிலை ஆற்றலில் 80 லட்சம் ஜூல் குறைகிறது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வேகமாக மாறவிட்டால் வண்டி கைமீறும். பிரேக்கில் பிடித்தால் பிரேக் டிரம்மில் வெப்பமாக மாறும். எவ்வளவு வெப்பம்? 30 டிகிரியில் உள்ள 27 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு! அதே இறக்கத்தில் காருக்கு 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுதான். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு சிறு பாத்திரம் தண்ணீரும் என்று சொன்னதும் வகுப்புக்குப் புரிந்துவிட்டது.

பிரேக் அளவுக்கு மேல் சூடானால் பிடிப்புக் குறையும். அதனால்தான் ஓட்டுநர் தாழ்ந்த கியரில் வைத்து, எஞ்சினின் தடையையே பயன்படுத்தி, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து இறங்குகிறார். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கினால் எஞ்சினின் உதவி முழுவதும் போய்விடும். எல்லாச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். இறக்கத்தில் மெதுவாகப் போவது சோம்பல் இல்லை; அது வெப்பக் கணக்கு.

சுமை சொல்லும் வேகம்

இரும்புக் கம்பி ஏற்றிய லாரிக்கும் வீட்டுச் சாமான் ஏற்றிய லாரிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கம்பி லாரியில் முதலில் எடை நிரம்பும்; இடம் மிச்சமிருக்கும். வீட்டுச் சாமானில் முதலில் இடம் நிரம்பிவிடும், எடை மிச்சமிருக்கும். கட்டில், மெத்தை, பீரோ, குளிர்பதனப் பெட்டி, பாத்திர மூட்டை, புத்தகப் பெட்டி, துளசிமாடம் எல்லாம் அடுக்கினால் சுமை உயரமாகிறது. உயரம் கூடினால் ஈர்ப்பு மையம் மேலே போகும். வளைவில் சாயும் ஆபத்துக் கூடும். உயரமான, சதுரமான முகப்பு காற்றையும் அதிகமாகத் தாங்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது என்பதால், வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

அடுத்தது நிலைமம். லாரி திடீரென நின்றாலும் பீரோ நிற்காது. அது முன்னோக்கி நகரவே பார்க்கும். கயிறுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. காரில் போகிறவர்கள் இருக்கைப் பட்டை போட்டுக்கொள்வதும் லாரியில் பீரோவைக் கயிற்றால் கட்டுவதும் ஒரே விதியின் இரண்டு பயன்பாடுகள். எனவே ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட வேண்டிய நிலையே வராதபடி முன்வண்டிக்குத் தொலைவு விட்டு ஓட்டுகிறார். வேகத்தடையில் ஏறக்குறைய நின்று ஏறுகிறார்.

இந்த இடத்தில், அதுவரை பேசாமலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவனுடைய அப்பா லாரி ஓட்டுநர்.

“எங்கப்பா வண்டி எடுத்துக் கொஞ்ச தூரம் போனதுமே ஓரங்கட்டிக் கயிறை இழுத்துப் பார்ப்பாரு டீச்சர். ஆட ஆட சாமான் இறங்கி உக்காந்துரும். கயிறு லூசாயிரும். மறுபடி இறுக்கிக் கட்டணும். டயரையும் தட்டிப் பார்ப்பாரு. அதுக்குத்தான் டீக்கடைல நிறுத்துறது. அங்கதான் இடம் இருக்கும்.”

வகுப்பு அமைதியானது. கரும்பலகையின் ஓரத்தில் இருந்த மூன்றாவது பதிலுக்கு அவன் விளக்கம் கொடுத்துவிட்டான். கயிறு தளர்வது ஏன் என்று மற்ற மாணவர்கள் அவனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பாடநூலில் இல்லாத அறிவு ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கிறது என்பதை அன்று வகுப்பு கண்டுகொண்டது. அடுத்த இரண்டு நாட்களும் அவன்தான் எங்களுக்கு ஆலோசகர்.

இழந்த நேரம் திரும்பி வராது

இப்போது சராசரி வேகத்துக்கு வருவோம். ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போன லாரி, அதே தொலைவு கொண்ட சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போனால் சராசரி என்ன? வகுப்பில் பெரும்பாலோர் 45 என்றார்கள்.

ஒவ்வொரு பகுதியும் 60 கி.மீ. என்று வைத்துக் கணக்கிடச் சொன்னேன். முதல் பகுதிக்கு 2 மணி நேரம். இரண்டாவதற்கு 1 மணி நேரம். மொத்தம் 120 கி.மீ., 3 மணி நேரம். சராசரி 40. காரணம் எளிது: லாரி மெதுவாகப் போன நேரம்தான் அதிகம், எனவே சராசரி மெதுவான வேகத்தின் பக்கம் இழுக்கப்படுகிறது.

அடுத்து ஒரு புதிர். 60 கி.மீ. பயணத்தைச் சராசரியாக 60 கி.மீ. வேகத்தில் முடிக்க வேண்டும். முதல் 30 கி.மீ. தொலைவை லாரி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்துவிட்டது. மீதி 30 கி.மீ. தொலைவை எந்த வேகத்தில் கடக்க வேண்டும்? 90 என்று பல குரல்கள் வரும். ஆனால் முதல் பாதிக்கே 1 மணி நேரம் முடிந்துவிட்டது. மொத்தப் பயணத்துக்கு இருந்ததே அந்த 1 மணி நேரம்தான். எந்த வேகத்தில் போனாலும் இனி முடியாது! இந்தப் புதிரை நான் விளையாட்டாக மட்டும் சொல்வதில்லை. தாமதமான நேரத்தை வேகத்தால் ஈடுகட்டலாம் என்ற எண்ணம்தான் சாலையில் உயிரைக் குடிக்கிறது. அந்த எண்ணத்தின் தவறு கணக்கிலேயே தெரிகிறது என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே பார்ப்பது நல்லது.

27 மணி நேரத்தின் கணக்கு

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பயண அட்டவணை தயாரித்தோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்து சாமான் ஏற்றிவிட, மற்றவர்கள் காலை 6 மணிக்கே காரில் கிளம்புகிறார்கள். அதே 6 மணிக்கு லாரியில் சாமான் ஏற்றும் வேலை தொடங்குகிறது.

கார்: ஓடும்போது சராசரி 75 கி.மீ. ஓடும் நேரம் 6 மணி. காலை உணவுக்கும் இளைப்பாறலுக்கும் 1 மணி. பிற்பகல் 1 மணிக்குத் திருநெல்வேலி. மொத்தம் 7 மணி நேரம்.

லாரி: சாமான் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்ட நாலரை மணி நேரம். 10.30க்குப் புறப்பாடு. ஓடும்போது சராசரி 45 கி.மீ. முதல் நாள் 7 மணி நேர ஓட்டம், 315 கி.மீ.; உணவு, கயிறு, டயர் சோதனைக்கு 2 மணி நேரம். இரவு 7.30க்கு மதுரையைத் தாண்டித் திருமங்கலம் பக்கம் நிறுத்தம். 10 மணி நேரம் உணவும் உறக்கமும். காலை 5.30க்கு மறுபடி புறப்பாடு. 3 மணி நேர ஓட்டம், அரை மணி நேரத் தேநீர். காலை 9 மணிக்குத் திருநெல்வேலி. மொத்தம் 27 மணி நேரம்.

இப்போது வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். 27க்கும் 7க்கும் இடையில் 20 மணி நேரம்.

மெதுவாக ஓடியதால்: 4 மணி நேரம்.
சாமான் ஏற்றுவதால்: 4.5 மணி நேரம்.
கூடுதல் நிறுத்தங்களால்: 1.5 மணி நேரம்.
இரவு ஓய்வால்: 10 மணி நேரம்.

இருபதில் நான்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் வேகத்தால் வந்தது. “லாரி மெதுவாகப் போகும்” என்ற பதில் பொய்யில்லை; ஆனால் அது விடையின் சிறு பகுதி. மொத்தத்துக்கும் சராசரி வேகம் கண்டால் காருக்கு மணிக்கு 64 கி.மீ., லாரிக்கு 17 கி.மீ. கிடைக்கும். 17 கி.மீ. வேகத்தில் அந்த லாரி சாலையில் ஓடியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். சராசரி வேகம் ஒரு பயணத்தைப் பற்றி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிமாநிலப் பயணம் என்றால் கணக்கு இன்னும் நீளும். ஒரு வீட்டுச் சாமான் லாரியின் பாதியைத்தான் நிரப்பும் என்றால், அதே திசையில் போகும் இன்னொரு வீட்டுச் சாமானுக்காகக் காத்திருப்பார்கள். வழியில் முதல் வீட்டில் இறக்கிவிட்டு அடுத்த ஊர் போவார்கள். மாநகரங்களில் கனரக வாகனங்கள் நுழைய நேரக் கட்டுப்பாடு உண்டு. புது வீடு குறுகிய தெருவில் இருந்தால், தெருமுனையில் லாரியை நிறுத்தி ‘குட்டி யானை’ வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டிவரும். இவை எதற்கும் ஓட்டுநரின் வேகத்தோடு தொடர்பில்லை.

தூக்கமும் பயணத்தின் பகுதியே

எஞ்சியிருப்பது இரண்டாவது பதில்: “டிரைவர் வழியில தூங்கிடுவாரு.” ஆம், தூங்குகிறார். தூங்கத்தான் வேண்டும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. எங்கள் அட்டவணையில் உள்ள 10 மணி நேர இரவு ஓய்வு இந்த வரையறைக்குள் நிற்பதற்காக வைத்தது. நடைமுறையில் பல ஓட்டுநர்கள் இதைவிட அதிக நேரம் ஓட்டுகிறார்கள் என்பதை அந்த மூன்று பிள்ளைகளும் சொன்னார்கள். “சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு போன் வந்துக்கிட்டே இருக்கும் டீச்சர்” என்றாள் ஒருத்தி.

மணிக்கு 80 கி.மீ. என்பது நொடிக்கு 22 மீட்டர். கண் 3 நொடி மூடினால் லாரி 66 மீட்டர் ஓடியிருக்கும். எங்கள் பள்ளி மைதானத்தில் 66 மீட்டரை நாடாவால் அளந்து, இரு முனையிலும் மாணவர்களை நிற்க வைத்தேன். எட்டு டன் வண்டி அவ்வளவு தூரம் பார்ப்பார் இல்லாமல் ஓடும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். நள்ளிரவுக்குப் பின் விடியற்காலை வரை உடல் தானாகவே தூக்கத்தைத் தேடும். தேநீர் அதைச் சற்றே தள்ளிப்போடலாம், நீக்க முடியாது. லாரி மறுநாள் காலை வந்தது என்றால், அந்த ஓட்டுநர் இரவில் உறங்கினார் என்று பொருள். நம் சாமானும், அவரும், எதிரே வந்தவர்களும் பத்திரமாக இருந்ததற்கு அந்த உறக்கமும் ஒரு காரணம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. மேசை விளிம்பில் நூலைத் தொங்கவிட்டு, ஒரு முனையில் சிறு எடையும் மறுமுனையில் பொம்மை வண்டியும் கட்டுங்கள். வெறும் வண்டி 1 மீட்டர் கடக்கும் நேரத்தையும், கல் ஏற்றிய வண்டி கடக்கும் நேரத்தையும் அளக்கச் செய்யுங்கள். இழுக்கும் எடை ஒன்றே, நேரம் வேறு.

2. அதே வண்டியின் மேல் ஒரு பென்சில் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திச் சட்டென்று இழுக்கவும், ஓடும்போது சட்டென்று நிறுத்தவும் செய்யுங்கள். பெட்டி எந்தப் பக்கம் விழுகிறது? பிறகு ரப்பர் பட்டையால் கட்டிவிட்டுச் செய்து பாருங்கள்.

3. ஒவ்வொரு மாணவரும் தான் அண்மையில் போன ஒரு பேருந்துப் பயணத்தை, ஓடிய நேரம், நின்ற நேரம் என்று பிரித்து எழுதட்டும். ஓடும்போது சராசரி வேகமும் மொத்தப் பயணத்தின் சராசரி வேகமும் தனித்தனியே காணட்டும்.

4. ஊரில் உள்ள லாரி, வேன், டிராக்டர் ஓட்டுநர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலேயே அப்படி ஒருவர் இருக்கக்கூடும். கேள்விகளை மாணவர்கள் முன்பே எழுதிவைத்துக்கொள்ளட்டும். எங்கள் வகுப்பு கேட்டவற்றில் எனக்குப் பிடித்தது: “இறக்கத்துல எந்த கியர் போடணும்னு எப்படி முடிவு பண்றீங்க?” ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று அவர் சொன்ன விடையை நிலை ஆற்றல் பாடத்தின்போது மறுபடி பயன்படுத்திக்கொண்டேன்.

கற்றலில் பின்தங்கிய மாணவர்களுக்கு 27 மணி நேர அட்டவணையைக் கடிகாரப் படங்களாக வரையச் சொல்வது உதவியது. வகுத்தல் தடுமாறுகிறவர்கள்கூட, எந்தப் பட்டை நீளமானது என்று பார்த்து விடை சொன்னார்கள்.

மாறுதலில் செல்லும் நண்பர்களுக்கு

இந்தப் பாடத்தால் எனக்குக் கிடைத்த நடைமுறைப் பயனையும் சொல்லிவிடுகிறேன். கைபேசி வரைபடம் காட்டும் பயண நேரம் காருக்கானது. அதை வைத்து லாரியை எதிர்பார்க்காதீர்கள். முதல் இரவைச் சாமான் இல்லாமல் கழிக்கத் திட்டமிடுங்கள். பணிப்பதிவேட்டு நகல், சான்றிதழ்கள், மருந்துகள், இரண்டு நாள் உடை, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவை உங்கள் பையில் இருக்கட்டும். பணியில் சேரும் நாளுக்கு முந்தைய நாளில் லாரியை ஏற்பாடு செய்ய வேண்டாம். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஓட்டுநரிடம் புறப்படும்போதே எங்கே தங்குவார் என்று கேட்டு வைத்துக்கொண்டால், ஓட்டும்போது அழைத்துக்கொண்டே இருக்கத் தேவையிருக்காது. அவர் நிறுத்தியிருக்கும் நேரத்தில் ஒருமுறை பேசினால் போதும்.